உயர் ஆர்பிஎம் என்ஜினுக்கு எந்த ஆயில்? 30, 40, 60 கிரேடுகள் ஓர் ஒப்பீடு

8,000, 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சுழலும் என்ஜினை வைத்திருப்பவர்கள் ஆயில் வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு அறிவுரைகளைக் கேட்கிறார்கள். கெட்டியான ஆயிலே என்ஜினைக் காக்கும் என்பது ஒன்று. கையேட்டில் போட்டிருப்பதைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நான் முழுதாக ஏற்பதில்லை. ஓட்டும்போது அந்த என்ஜினின் ஆயில் எத்தனை டிகிரி வரை சூடேறுகிறது, அந்தச் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக எஞ்சுகிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் கிரேடைத் தீர்மானிக்க முடியும். டப்பாவின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் இதில் பாதியைத்தான் சொல்கிறது; மீதிப் பாதி தயாரிப்பாளரின் தொழில்நுட்பக் குறிப்புத்தாளில் சிறிய எழுத்தில் இருக்கிறது.

முதலில், உயர் சுழற்சி ஆயிலிடம் என்ன கேட்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000 காரின் 2 லிட்டர் என்ஜினில் பிஸ்டனின் ஓட்டம் 84 மில்லிமீட்டர். 9,000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25.2 மீட்டர். பிஎம்டபிள்யூவின் இ46 எம்3 காரில் 91 மில்லிமீட்டர் ஓட்டமும் 8,000 ஆர்பிஎம்மும் சேர்ந்து விநாடிக்கு 24.3 மீட்டரைத் தருகின்றன. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் அதன் நிலைமத்தால் எழும் விசை, சுழற்சியின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்கிறது. 6,000-இலிருந்து 9,000-க்குப் போனால் சுழற்சி ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. விசையோ இரண்டேகால் மடங்காகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டனை எதிர்த்து அழுத்த வாயு எதுவும் இல்லாததால், அந்த இழுவை முழுவதையும், பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கும், அதற்கும் கிராங்குக்கும் இடையே உள்ள ஆயில் படலமுமே தாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் படலம் சில சமயம் ஒரு மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடும்.

ஆயில் கெட்டியாக இருந்தால் படலமும் தடிமனாக இருக்கும் என்பது சரிதான். ஆனால் பேரிங்குக்குள் ஆயில் அரைபடுவதால் பிறக்கும் வெப்பமும் ஆயிலின் பாகுத்தன்மைக்கு ஏற்ப உயர்கிறது, அதுவும் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகி உயர்கிறது. ஆகவே கெட்டி ஆயில் தன்னைத் தானே சூடாக்கி, தான் கொண்டுவந்த கெட்டித்தன்மையில் ஒரு பகுதியை அங்கேயே இழந்துவிடுகிறது. உயர் ஆர்பிஎம் என்ஜினில் இந்த இழப்பு மற்ற என்ஜின்களைவிட அதிகம்.

இனி எண்களுக்கு வருவோம். எஸ்ஏஇ ஜே300 என்ற தரநிலைதான் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-40 போன்ற பெயர்களுக்கு அடிப்படை. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் என்ஜின் சுழலத் தொடங்குவதையும், ஆயில் பம்ப்புக்குள் போவதையும் பற்றியது. பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் உள்ள பாகுத்தன்மையைக் குறிக்கும்: 20 கிரேடு என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரை, 30 என்றால் 12.5 வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை, 60 என்றால் 26.1 வரை. இவை ஒவ்வொன்றும் ஒரு வரம்பு என்பதைக் கவனிக்க வேண்டும், 12.6 உள்ள ஆயிலும் 16 உள்ள ஆயிலும் ஒரே 40 என்ற பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன.

இதைவிட முக்கியமான அளவு, எச்டிஎச்எஸ் எனப்படுவது. 150 டிகிரி வெப்பத்தில், விநாடிக்குப் பத்து லட்சம் என்ற அளவில் அரைபடும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை இது மில்லிபாஸ்கல் விநாடியில் சொல்கிறது. பேரிங்குக்குள் நடப்பதற்கு மிக நெருக்கமான ஆய்வகச் சோதனை இதுதான். 20 கிரேடுக்கு இது குறைந்தது 2.6 இருக்க வேண்டும், 30-க்கு 2.9, 0டபிள்யூ முதல் 10டபிள்யூ வரையான 40 கிரேடுகளுக்கு 3.5, 50-க்கும் 60-க்கும் 3.7. எரிபொருள் சிக்கனத்தை முன்னிறுத்தும் 5டபிள்யூ-30 ஆயில்கள் 2.9-ஐ ஒட்டி நிற்கின்றன. அதே 5டபிள்யூ-30 பெயரில், ஐரோப்பாவின் ஏசிஇஏ சி3 தரத்துக்கு உட்பட்டு வரும் ஆயிலுக்கோ 3.5-க்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. கடையில் அருகருகே நிற்கும் இரண்டு 5டபிள்யூ-30 டப்பாக்கள் பேரிங்குக்குள் இரண்டு வேறு கிரேடுகளைப் போல நடந்துகொள்ளும். முகப்பு எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதை நான் வலியுறுத்தி மறுப்பதற்கு இதுவே காரணம்.

சூட்டின் பங்கை ஒரு கணக்கு காட்டும். 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக் உள்ள ஒரு வழக்கமான 5டபிள்யூ-40 ஆயில், 112 டிகிரி வாக்கில் 11-க்கு இறங்கிவிடும்; அது நடுத்தர 30 கிரேடு ஆயில் 100 டிகிரியில் காட்டும் அளவு. 120 டிகிரியில் ஏறத்தாழ 9.4, 130-இல் 8. அதாவது, சம்ப்பில் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) உள்ள ஆயில் 130 டிகிரிக்குப் போகும் பந்தயத் தடத்தில், 40 கிரேடை ஊற்றியவர் 100 டிகிரியில் ஓடும் 20 கிரேடின் கெட்டித்தன்மையோடுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் கார் 95 டிகிரியில் 30 கிரேடோடு ஓடினால், அதன் படலம் இதைவிடத் தடிமனானது. எனவே கிரேடு எது என்று கேட்பதற்கு முன் வெப்பம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். டேஷ்போர்டில் கூலன்ட் வெப்பமானி மட்டும் உள்ள காரில் ஆயிலுக்கென ஒரு வெப்பமானியைப் பொருத்துவது, எந்த விலை உயர்ந்த ஆயிலையும் விடப் பயன்தரும் செலவு. கூலன்ட் 90 டிகிரியில் நிலையாக நிற்கும்போதே ஆயில் 130-ஐத் தாண்டிப் போயிருக்கலாம்.

இப்போது தெரிவுகளைப் பார்க்கலாம். மெல்லிய பக்கத்தில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 நிற்கின்றன. டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் கார்களுக்குத் தொழிற்சாலைப் பரிந்துரை 0டபிள்யூ-20. இதை வெறும் எரிபொருள் சிக்கனக் கணக்கு என்று சிலர் ஒதுக்குவது நியாயமன்று. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய முதல் விநாடிகளில் மெல்லிய ஆயில் விரைவாக கேம் ஷாஃப்ட்டை எட்டுகிறது, பம்ப்புக்கும் கிராங்குக்கும் இழப்பு குறைகிறது, பேரிங் வழியாக அதிக ஆயில் பாய்வதால் வெப்பம் அங்கிருந்து வெளியேறுகிறது. சாலையில் ஓட்டி, எப்போதாவது சுழற்சிமானியின் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு இறங்கும் ஓட்டுநருக்கு இது போதும். ஒன்றிரண்டு விநாடி உச்சச் சுழற்சி ஆயிலைச் சூடாக்காது. இருபது நிமிடம் இடைவிடாமல் உச்சத்தில் வைத்திருப்பதே சூடாக்கும்.

இந்த வேறுபாட்டை ஃபோர்டு தன் கார்களிலேயே காட்டியது. மஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் வி8 என்ஜினுக்கு 5டபிள்யூ-20 பரிந்துரைத்த அந்த நிறுவனம், அதே என்ஜின் குடும்பத்தில் தடத்துக்கென்று உருவாக்கிய 2012 பாஸ் 302 காருக்கு 5டபிள்யூ-50 போடச் சொன்னது. பின்னர் வந்த, 8,250 ஆர்பிஎம் வரை சுழலும் ஷெல்பி ஜிடி350 காருக்கும் 5டபிள்யூ-50-தான். ஒரே வடிவமைப்பாளர்கள், ஏறத்தாழ ஒரே பிளாக். மாறியது எதிர்பார்க்கப்பட்ட பயன்பாடு. கையேட்டை வேதவாக்காகக் கொள்பவரும் இங்கே நின்று யோசிக்க வேண்டும். கையேடு எந்தப் பயன்பாட்டுக்காக எழுதப்பட்டதோ அந்தப் பயன்பாட்டுக்கு அது சரி.

நடுவில் நிற்கும் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 ஆயில்கள்தான் என் பார்வையில் பெரும்பாலானோருக்கு உரியவை. போர்ஷேயின் ஏ40 ஒப்புதல் இந்த வட்டத்துக்குள் உள்ள ஆயில்களுக்கு வழங்கப்படுவது. கொர்வெட்டின் கதை இன்னும் தெளிவானது: ஏழாம் தலைமுறைக் காரின் தொடக்க ஆண்டுகளில் சாலைக்கு 5டபிள்யூ-30, தடத்துக்கு 15டபிள்யூ-50 என்று உரிமையாளர் ஆயிலை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது, 2019 மாடலில் இரண்டுக்கும் சேர்த்து 0டபிள்யூ-40 வந்தது. அடுத்த தலைமுறையின் இசட்06 காரில் உள்ள, 8,600 ஆர்பிஎம் வரை சுழலும் 5.5 லிட்டர் வி8 என்ஜினும் 0டபிள்யூ-40 ஆயிலில்தான் ஓடுகிறது. குளிரில் எளிதாகப் பாய்ந்து, சூட்டில் 3.5-க்குக் குறையாத எச்டிஎச்எஸ் தரும் ஆயில் கிடைக்கும்போது, இரண்டு டப்பாக்களை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதில்லை.

0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 இரண்டுக்குள் எது என்று கேட்டால், குளிர் அதிகமில்லாத இடத்தில் ஓட்டுபவருக்கு நான் இரண்டாவதை நோக்கிச் சற்றே சாய்வேன். இரண்டு எண்களுக்கும் இடையேயான இடைவெளி பெரிதாகப் பெரிதாக, அதை நிரப்பப் பாலிமர் சேர்மானங்கள் கூடுதலாகத் தேவைப்படும். அந்த நீண்ட மூலக்கூறுகள் கியர்களிலும் செயின்களிலும் பேரிங்குகளிலும் அறுபட்டு, ஆயில் பழையதாகும்போது அதன் கிரேடையே கீழே இறக்கிவிடுகின்றன. சுழற்சி கூடக்கூட அறுபடும் வேகமும் கூடும். நல்ல அடிப்படை எண்ணெயில் செய்யப்பட்ட 0டபிள்யூ-40-க்கு இந்தக் குறை சிறிதே என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே இது சாய்வுதான், விதியன்று.

கெட்டியான பக்கத்தில் 10டபிள்யூ-60 நிற்கிறது. இதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் மிகுதி. பிஎம்டபிள்யூ தன் எம் பிரிவின் உயர் சுழற்சி என்ஜின்களான எஸ்54, எஸ்65, எஸ்85 ஆகியவற்றுக்கு இதைப் பரிந்துரைத்தது. இதன் எச்டிஎச்எஸ் பெரும்பாலும் 5-ஐத் தாண்டும். 130 டிகிரியிலும் இது 12 சென்டிஸ்டோக்குக்கு மேல் நிற்கும். கேட்பதற்கு இதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை என்று தோன்றும். ஆனால் 20 டிகிரியில் நிற்கும் என்ஜினைக் கிளப்பும்போது, 5டபிள்யூ-30 ஆயில் ஏறத்தாழ 165 சென்டிஸ்டோக்காக இருக்க, 10டபிள்யூ-60 அதைப்போல் இரண்டரை மடங்கு கெட்டியாக இருக்கிறது. பம்ப்பின் அழுத்தத் தளர்வு வால்வு உடனே திறந்து, பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அழுத்தமானி உயர்ந்த எண்ணைக் காட்டும்; பேரிங்குக்குப் போய்ச் சேரும் அளவோ குறைவாக இருக்கும். அழுத்தத்தைப் பார்த்து மகிழ்பவர்கள் ஓட்டத்தை மறந்துவிடுகிறார்கள். இ46 எம்3 காரின் சுழற்சிமானியைச் சுற்றி உள்ள எச்சரிக்கை விளக்குகள், ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணைந்து, அனுமதிக்கப்பட்ட உச்சச் சுழற்சியை மெல்ல உயர்த்திக் காட்டுவது அலங்காரத்துக்காக அன்று.

இன்னொன்றும் உண்டு. எஸ்65, எஸ்85 என்ஜின்களில் கனெக்டிங் ராடு பேரிங்குகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் தேய்வது உரிமையாளர்களிடையே பரவலாக அறியப்பட்ட சிக்கல், அவற்றில் ஓடியதோ 10டபிள்யூ-60. என்ஜின் கட்டுபவர்கள் கிராங்கின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை பேரிங் இடைவெளிக்கான பழைய கணக்காக வைத்திருக்கிறார்கள். இடைவெளி அதைவிடக் குறுகியிருந்தால், கெட்டி ஆயில் உள்ளே போவதும் சூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவதும் கடினமாகிறது என்பது இந்த விவாதத்தில் ஒரு தரப்பின் வாதம். மறுதரப்பு, குளிர்ந்த நிலையில் முடுக்கியதையும் நீண்ட ஆயில் மாற்று இடைவெளியையும் குறை சொல்கிறது. எந்தத் தரப்பை ஏற்றாலும், 60 என்ற எண் மட்டும் பேரிங்கைக் காப்பாற்றவில்லை என்பது நிற்கிறது. அதற்காக இந்த என்ஜின்களில் 5டபிள்யூ-30 ஊற்றலாம் என்று நான் சொல்லமாட்டேன். தயாரிப்பாளர் 10டபிள்யூ-60 கேட்டிருந்தால் அதையே ஊற்றி, சூடேறும் வரை பொறுமையாக ஓட்டுவதே முறை. 0டபிள்யூ-20-க்கென்று கட்டிய என்ஜினில் 10டபிள்யூ-60-ஐ ஊற்றுவதுதான் நான் கண்டிப்பாக எதிர்க்கும் பழக்கம். மாறும் வால்வு நேர அமைப்புகள் ஆயிலின் அழுத்தத்தாலேயே இயங்குகின்றன. அவற்றின் நுண் துளைகளும் வால்வுகளும் மெல்லிய ஆயிலைக் கணக்கில் கொண்டு அமைக்கப்பட்டவை. மேலே போக வேண்டிய தேவை இருந்தால் ஒரு கிரேடு, மிஞ்சினால் இரண்டு கிரேடு போதும்.

கிரேடுக்கு அப்பால், எந்த எண்ணெயிலிருந்து ஆயில் செய்யப்பட்டது என்ற கேள்வி வருகிறது. முழு சிந்தெடிக் என்ற சொல் இங்கே அதிகம் உதவாது. 1999-இல் அமெரிக்காவில், கடுமையாக ஹைட்ரஜன் ஏற்றித் தூய்மைப்படுத்திய கனிம எண்ணெயை (அடிப்படை எண்ணெய்களின் வகைப்பாட்டில் மூன்றாம் குழு) காஸ்ட்ரோல் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று போட்டி நிறுவனமான மொபில் எழுப்பிய வழக்கில் விளம்பர நடுவர் அமைப்பு காஸ்ட்ரோலின் பக்கம் நின்றது. அன்று முதல் அந்தச் சொல் விரிந்துவிட்டது. நான்காம் குழுவான பிஏஓ என்ற செயற்கை எண்ணெயும் ஐந்தாம் குழுவைச் சேர்ந்த எஸ்டரும் அதிகச் சூட்டில் நிலைத்து நிற்கும் என்பது உண்மை. ஆனால் வாங்குபவரால் கலவையின் விகிதத்தை அறிய முடியாது; விளைவை அறிய முடியும். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை விழுக்காடு ஆவியாகிறது என்று சொல்லும் நோவாக் சோதனையின் எண் குறிப்புத்தாளில் இருக்கும். அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ எஸ்பி தரம் 15 விழுக்காடு வரை அனுமதிக்கிறது, ஏசிஇஏ ஏ3/பி4 தரமும் சி3 தரமும் 13 வரை. 10-க்குக் கீழே உள்ள ஆயில் கிடைத்தால், உயர் சுழற்சியில் ஆயில் குடிக்கும் என்ஜினுக்கு அது பொருத்தமானது.

தேய்மானத் தடுப்புச் சேர்மானமான சிங்க் டைதயோபாஸ்பேட்டைப் பற்றியும் பேச்சு நிறைய உண்டு. இதிலுள்ள பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதால், ஏபிஐ எஸ்என், எஸ்பி தரங்கள் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் அதை 0.08 விழுக்காட்டுக்குள் நிறுத்துகின்றன. 5டபிள்யூ-40 போன்றவற்றுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. ரோலர் இல்லாமல் கேம் நேரடியாகத் தேய்த்துச் செல்லும் என்ஜின்களில் இது பொருள்படும். இதில் பலர் அறியாதது, கேம் முனையில் அழுத்தம் மிகுவது உச்சச் சுழற்சியில் அன்று, ஐட்லிங்கிலும் குறைந்த சுழற்சியிலும்தான். உச்சத்தில் வால்வின் நிலைமம் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே சிங்க் அதிகம் என்ற காரணத்துக்காகச் சாலைக் காரில் பந்தய ஆயிலை ஊற்றுவது தவறான கணக்கு: அந்த ஆயில்கள் பலவற்றில் அழுக்கை அகற்றும் சேர்மானமும் அமிலத்தை முறிக்கும் சேர்மானமும் குறைவு, ஏனெனில் அவை சில மணி நேரம் ஓடிவிட்டு வடிக்கப்படுவதற்காகச் செய்யப்பட்டவை.

டர்போவும் நேரடி எரிபொருள் தெளிப்பும் உள்ள என்ஜினுக்குக் கணக்கு சற்று மாறும். பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்வதால், ஒரு கிரேடு கூடுதலாகத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது; குறைந்த சுழற்சியில் நேரும் முன்கூட்டிய எரிதலைத் தடுக்க 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தரமோ, தயாரிப்பாளரின் அதற்கு நிகரான ஒப்புதலோ இருப்பது நல்லது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி என்ஜின் சம்ப்பில் உள்ள ஆயிலையே எரியறைக்குள் செலுத்தி எரிக்கிறது. அங்கே எரிந்த பின் சாம்பலைக் குறைவாக விடும் ஆயில்தான் முதல் தேவை.

இவற்றையெல்லாம் வைத்து நான் இப்படித் தீர்மானிப்பேன். ஆயிலின் வெப்பம் 110 டிகிரியைத் தாண்டாத சாலை ஓட்டத்துக்குக் கையேட்டின் கிரேடிலேயே நிற்பேன். அது 30 ஆக இருந்தால் எச்டிஎச்எஸ் 3.5 உள்ளதைத் தேடி எடுப்பேன். தடத்தில் 120-ஐத் தாண்டினால் 40-க்குப் போவேன். 130-க்கு மேல் நிலையாக நிற்கும் என்றால், ஆயிலை மாற்றுவதற்கு முன் ஆயில் கூலரைப் பொருத்துவேன், ஏனெனில் 20 டிகிரியைக் குறைப்பது ஒரு கிரேடுக்கு மேல் உயர்த்துவதற்குச் சமம், குளிரில் அதற்கு எந்த விலையும் தர வேண்டியதில்லை. தடத்தில் இறங்கும்போது டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டை ஒட்டி ஆயில் இருக்க வேண்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒருபுறம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சிவிட்டால், எந்தக் கிரேடும் அந்த நொடியில் பேரிங்குக்கு உதவாது. கோட்டுக்கு மேலேயும் ஊற்றக்கூடாது; கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும்.

தேர்ந்தெடுத்த ஆயில் சரிதானா என்பதை அது வடியும்போது அறியலாம். பயன்படுத்திய ஆயிலின் மாதிரி ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பினால், 100 டிகிரியில் அதன் பாகுத்தன்மை, பெட்ரோல் கலப்பு, இரும்பு, செம்பு, ஈயம், வெள்ளீயம் ஆகியவற்றின் அளவு வந்துவிடும். 14-இல் தொடங்கிய 40 கிரேடு ஆயில் 12.5-க்குக் கீழே இறங்கி வந்திருக்கிறது, பெட்ரோல் கலப்போ இல்லை என்றால், பாலிமர்கள் அறுபட்டிருக்கின்றன. அடுத்த முறை அதே கிரேடில் அறுபடாத வேறொரு ஆயிலையோ, குறுகிய மாற்று இடைவெளியையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்ரோல் கலந்திருந்தால் ஆயிலைக் குறை சொல்வதற்கில்லை, இடைவெளியைப் பாதியாக்கினால் போதும். பாகுத்தன்மை அப்படியே இருந்து, செம்போ வெள்ளீயமோ முந்தைய மாதிரியைவிட உயர்ந்திருந்தால், கெட்டியான ஆயிலைத் தேடிப் போவதற்கு முன் சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங்கை வெளியே எடுத்துப் பார்ப்பதே அடுத்த வேலை.